துணைக்கு இருப்பவருக்கு ஒரு நோட்டு: ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் புது நோவு சேராமல் பார்த்துக்கொள்ள

சேர்ந்த நோவு ஒன்று, வீட்டுக்குக் கொண்டுவந்த நோவு இன்னொன்று. இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்தவருக்கு எலும்பு கூடிவிடும், ஆனால் வால் எலும்புக்கு மேல் கை அகலப் புண் இருக்கும். சுகருக்குச் சேர்ந்தவர் ராத்திரி பாத்ரூமில் விழுந்து மண்டையில் தையலோடு வருவார். இப்படி வரும் கேடுகளில் பல மருந்து தெரியாததால் வருவதில்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும்போது நழுவிய ஒரு சேதியால் வருகிறது. காலை சிஸ்டர் மதிய சிஸ்டரிடம் சொல்ல மறப்பார். அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு வரும்போது ஒரு சீட்டு விட்டுப்போகும்.

நம் கொங்குப் பக்கத்தில் இதற்கு மேலே இன்னொரு கை மாற்றமும் உண்டு. பகலில் மருமகள், பொழுதோட மகன், ராத்திரிக்குத் தங்கச்சி வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து வரும் மாமன் மகன் என்று துணைக்கு இருப்பவரே மாறிக்கொண்டு இருப்பார். மதியம் டாக்டர் மருமகளிடம் சொன்னது ராத்திரி இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குவது. நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் கயிறு கட்டிக் கட்டிலில் தொங்கட்டும். செல்போனில் எழுதினால் அது எழுதியவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

நோட்டின் முதல் பக்கம்

நோயாளியின் முழுப் பெயர், இனிஷியல், தகப்பனார் அல்லது வீட்டுக்காரர் பெயர், வயது, ஐ.பி. நம்பர் (ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கொடுக்கும் எண்), எடை. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் என்ன ஆனது (தடிப்பா, மூச்சு முட்டலா, வெறும் வயிற்றெரிச்சலா, மூன்றும் வேறு வேறு). பழைய ஆப்பரேசன்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும், அளவோடும் வேளையோடும். இதில் நாட்டு மருந்துக் கடைச் சூரணம், லேகியம், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி எல்லாம் சேரும். டாக்டர் திட்டுவார் என்று இதைத்தான் முதலில் மறைக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஒரு பொடி சேர்ந்தாலே ஆப்பரேசன் மேசையில் ரத்தம் நிற்காமல் போகலாம். அதனால் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

அடுத்த பக்கங்களில் நாளுக்கு ஒரு பக்கம். டாக்டர் வந்த நேரமும் சொன்னதும், கொடுத்த மருந்தும் நேரமும், குடித்த தண்ணீர், போன சிறுநீர், வெளிக்குப் போனாரா, எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தோம். ஆள் மாறும்போது நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், மூன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்றைக்கு என்ன மாறியது, அடுத்து என்ன மருந்து எத்தனை மணிக்கு, எதற்காகக் காத்திருக்கிறோம். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

பெயர்

கொங்கு நாட்டு வார்டில் ஒரே வரிசையில் இரண்டு பழனிசாமி, மூன்று ராமசாமி, எதிரில் பழனியம்மாள் இருவர் என்பது சாதாரணம். பெட் நம்பரை நம்பவும் முடியாது, ஆளை ஜன்னலோரம் மாற்றினால் அதுவும் மாறும். ஆகவே ஊசி, மாத்திரை, ரத்தம், எக்ஸ்ரே, ஆப்பரேசன் எதற்கு முன்பும் பெயரோடு ஐ.பி. நம்பரும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் கட்டிய பட்டையைக் குளிக்க வைக்கும்போது அறுத்துவிட்டால் உடனே புதிது கேட்டு வாங்குங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "பழனிசாமிதானே?" என்று கேட்டால், காது மந்தமான அப்பாரு மரியாதைக்கு "ஆமாங்க" என்றுதான் சொல்வார். மயக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டு அவர் வாயால் வர வேண்டும், அல்லது நீங்கள் சொல்ல வேண்டும்.

மாத்திரையும் ஊசியும்

மருந்து கொடுக்க வரும்போது கேட்க வேண்டியது நீளமான கேள்வி அல்ல. "சிஸ்டர், இது என்ன மாத்திரைங்க, எதுக்குங்க?" போதும். நேற்றைய நிறத்தில் இல்லையென்றால் "நேத்து வெள்ளையா இருந்துச்சுங்க, இன்னைக்கு மஞ்சளா இருக்குதுங்களே" என்று சொல்லுங்கள். கம்பெனி மாறியிருக்கலாம், ஆளே மாறியிருக்கவும் கூடும். நல்ல நர்ஸ் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சீட்டை இன்னொரு தடவை பார்ப்பார்.

அதிகக் கெடுதல் செய்யும் மூன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது இன்சுலின். நம் நாட்டில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் உண்டு. ஊசியும் இரண்டு வகை: 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. அவசரத்தில் மருந்துக் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி வந்தால் கணக்கு கெட்டுவிடும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சுகர் ஏறும். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போகும். ஆள் நினைவிழப்பார், உயிரும் போகலாம். குப்பியில் இருக்கும் எண்ணும் ஊசியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இன்சுலின் போட்டுவிட்டால் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறார்கள், சாப்பாடு தள்ளிப்போகும் என்றால் ஊசி போடும் முன்பே சொல்லுங்கள்.

வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு மாறினால் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நினைவும் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும்.

இரண்டாவது, மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் ஒன்று என்று யாராவது தவறாகப் படித்துவிட்டால் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கு ஆபத்தாகிறது. எந்தக் கிழமை என்று அட்டையிலும் நோட்டிலும் பெரிதாக எழுதுங்கள்.

மூன்றாவது, ஒரே மருந்து இரண்டு பெயரில் போவது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் போகும்போது, வலிக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. எடை குறைந்த, வயதான, குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவு. சுகர் மாத்திரையிலும் இதே கதைதான். வீட்டில் பழைய மெட்ஃபார்மின் இருக்கும், டிஸ்சார்ஜ் சீட்டில் மெட்ஃபார்மின் கலந்த புது மாத்திரை வேறு பெயரில் இருக்கும், இரண்டும் உள்ளே போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். தனியார் டாக்டர் சீட்டும் கையில் இருந்தால் அந்த மாத்திரையையும் இந்தச் சீட்டையும் ஒன்றாக வைத்து ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும், பெரிய எழுத்துப் பெயரை அல்ல.

மூக்குக் குழாய் வழியாக மாத்திரை கொடுக்கும்போது எதையும் கேட்காமல் இடிக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. இடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே நேரத்தில் போய்விடும்.

விழாமல் இருக்க

வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் விழுவது பெரும்பாலும் ஒரு காரியத்தைச் சுற்றித்தான்: ஒண்ணுக்குப் போவது. ஆத்தா மருமகளை எழுப்ப மாட்டார். "பாவம், பகலெல்லாம் அலைஞ்சவ, தூங்கட்டும்" என்று தானே எழுந்து போவார். ஆகவே கூப்பிடச் சொல்லிப் பயனில்லை, நீங்களே நேரம் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். படுக்கும் முன், நள்ளிரவு ஒரு தடவை, வெள்ளெனே எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும். நீர் பிரியும் மாத்திரை பொழுதோட கொடுக்கிறார்கள் என்றால் காலையில் மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அந்த ஒரு மாற்றம் ராத்திரி எழுவதைக் குறைக்கும்.

எழுப்பும் முறை இது. கட்டிலைக் கீழே இறக்கி, சக்கரத்தின் பிரேக்கைப் போடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, பிறகு காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். "கிறுகிறுன்னு வருதுங்களா?" என்று கேளுங்கள். வந்தால் மறுபடி படுக்கட்டும், எழுந்து உட்கார்ந்ததும் கிறுகிறுக்கிறது, பி.பி. இறங்குகிறதா பாருங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். வராவிட்டால் எழுந்து நிற்க வைத்து, பத்து எண்ணி, அப்புறம் நடை. தரையில் இழுபடும் வேட்டி, புடவை, நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது போடுங்கள். மூத்திரக் குழாயும் ட்ரிப்ஸ் கம்பியும் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கமாகவே இறக்குங்கள்.

கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டால் பயமில்லை என்று நினைப்பது தவறு. தெளிவாக இருப்பவருக்கு அது உதவும். குழம்பியிருப்பவர் அதன் மேல் ஏறித் தாண்டுவார். அப்போது விழும் உயரம் இன்னும் கூடும். அவருக்குத் தாழ்ந்த கட்டிலும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் வழி. கையைக் கட்டிலோடு கட்டுவதை எளிதில் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டியவர் இன்னும் திமிறுவார், புண்ணாகும், மூச்சும் சிக்கலாகும்.

விழுந்துவிட்டால் அக்குளில் கைபோட்டுத் தூக்கி நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். முதலில் கழுத்து, இடுப்பு வலிக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பி இருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும், அசைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். தலையில் ரத்தக்கசிவு மணிக்கணக்கில் கழித்தும் வெளிப்படும்.

படுக்கைப் புண்

வருமுன் தடுக்கச் செலவு அதிகமில்லை, வந்தபின் மாதக்கணக்கில் ஆறாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை அழுந்தும் இடத்தில் ரத்தம் போகாமல் உள்ளிருந்து வெளியே அழுகி வருவது இது. தோல் மேல் ரூபாய் அளவு தெரியும்போது உள்ளே கிண்ணம் அளவு இருக்கும்.

தினம் இரண்டு தடவை, உடம்பு துடைக்கும்போது, வெளிச்சத்தில் பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரு ஓரம், குதிகால், கணுக்கால் முட்டு, முழங்கை, தோள் எலும்பு, பின்மண்டை. ஆக்சிஜன் குழாய் உரசும் காதுக்குப் பின்னாலும் மூக்குக் குழாய் அழுத்தும் மூக்கோரத்திலும் பாருங்கள், அங்கே யாரும் பார்ப்பதில்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் கேடு தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, கொழகொழவென்று, நீலம் பாய்ந்து இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

திருப்புவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு முட்டு அழுந்தும். பாதி சாய்வு போதும், சுமார் 30 டிகிரி. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். எலும்பு மெத்தையில் படாமல் இருக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்கால் நெடுகப் படும்படி இன்னொன்றை வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும். தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையில் உட்கார வைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. இரண்டும் வேண்டாம். கையுறை ஒரே புள்ளியில் அழுத்தும், வளையம் சுற்றிலும் ரத்தத்தை நிறுத்தும்.

மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள். தோல் மெத்தையில் ஒட்டிக்கொள்ள எலும்பு மட்டும் நகர்ந்து உள்ளே நார் கிழியும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு துப்பட்டியை நாலாக மடித்து அடியில் போட்டு, இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சாப்பாட்டு நேரம் தவிரத் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், சரிந்து வந்து அதே கிழிசல் ஏற்படும். மூக்குக் குழாய் இருந்தால் மட்டும் அது வேறு கணக்கு, கீழே சொல்லியிருக்கிறோம். சிவந்த இடத்தைத் தேய்த்து விடவே கூடாது. அம்மாயிக்குப் பிரியமாக எண்ணெய் போட்டு உருவிவிட நினைப்பீர்கள். சிவக்காத இடத்தில் மெல்லிசாகத் தேங்காயெண்ணெய் தடவலாம், சிவந்ததைத் தொடாதீர்கள். ஈரம் பட்ட டயாப்பரை உடனே மாற்றி, ஒற்றித் துடையுங்கள். பவுடர் வேர்வையில் கட்டியாகி மணலாக உரசும்.

காற்று மெத்தை வாங்கினால் அதன் மெஷினில் எடைக்கு ஏற்ற அளவு வைக்க வேண்டும். இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விட்டால், கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். அதன் மேல் ரப்பர் ஷீட், கம்பளி, இரண்டு துப்பட்டி என்று போட்டால் வாங்கிய காசு வீண். காற்று மெத்தை இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும்.

புண் ஆற உள்ளே போகும் சாப்பாடு வேண்டும். கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. 50 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. வெறும் அரிசிக் கஞ்சியில் இது வராது. நாமக்கல் முட்டையை ஊருக்கெல்லாம் அனுப்பும் நாட்டில் இருந்துகொண்டு புண்ணுக்கு முட்டை ஆகாது என்று நிறுத்துவது பெரிய கொடுமை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

சாப்பாடும் புரையேறலும்

பக்கவாதம் வந்தவருக்கு, நடுக்கவாதக்காரருக்கு, அரை மயக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது மிகச் சாதாரணம். அவர்களுக்குக் கஷ்டமானது தண்ணீர்தான், கெட்டியானது எளிது. ரசம், நீர்மோர், கொள்ளு ரசத்தைவிடக் கொழகொழப்பான ராகிக் கூழோ நன்றாக மசித்த அரிசிம்பருப்புச் சாதமோ பத்திரம். சந்தகை வேண்டாம், இழை தொண்டையில் தங்கும். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே இறக்கி, டீஸ்பூனில் அரை அளவு கொடுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. இருமினாலும், குரல் தண்ணீரில் பேசுவதுபோல் கொழகொழத்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முடித்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். பல் துலக்குவது தினம் இரண்டு வேளை. குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கும் வாய் துடைக்க வேண்டும், வாயில் இருக்கும் கிருமிதான் நெஞ்சுக்குப் போகிறது.

மூக்குக் குழாய் என்றால், மூக்கருகே குழாயில் இருக்கும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். எண் மாறினால் ஒரு சொட்டும் கொடுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி, முடிந்து ஒரு மணி நேரம் அப்படியே. அந்த நேரத்தில் கால்மாட்டை மடக்கிவிட்டால் சரிந்து வர மாட்டார்.

ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) வரும்போது இரண்டு தொல்லை சேர்ந்து வரும். ஒன்று, கோயில் தீர்த்தம். விழுங்க முடியாதவர் வாயில் விடாமல் நெற்றியில் தொட்டு வையுங்கள். இன்னொன்று, பொள்ளாச்சி இளநீர். சிறுநீரகம் பழுதானவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடக் கூடியவை. யாரும் தப்பெண்ணத்தில் கொண்டுவருவதில்லை. அதனால்தான் கட்டில் தலைமாட்டில் "இளநீர், பழம் கொடுக்கக் கூடாது" என்று தாளில் எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஆப்பரேசனுக்கு முன் பட்டினி என்றால் பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். வழக்கமாகத் திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பாவம் பார்த்து ஒளித்துக் கொடுத்த ஒரு டம்ளர் டீ மயக்க மருந்தின்போது நெஞ்சுக்குள் ஏறும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆப்பரேசன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று டாக்டர் பேனாவால் குறி போடுகிறாரா என்றும் பாருங்கள். வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வர வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி ஏறும்.

குழாய், கை, ரத்தம்

மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். நடக்கும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள், போனது திரும்பி உள்ளே வரும். தினமும் ஒரு தடவை "இந்தக் குழாய் இன்னும் வேணுங்களா?" என்று கேளுங்கள். குழாய் உள்ளே இருக்கும் நாள் கூடக்கூட நோய்த்தொற்றும் கூடும். கையில் குத்திய ட்ரிப்ஸ் ஊசியும் அப்படித்தான். சிவந்து, வீங்கி, வலித்தால் உடனே சொல்லுங்கள். ட்ரிப்ஸ் வேகச் சக்கரத்தை நீங்கள் தொடாதீர்கள்.

உள்ளே வருகிற யாரும் கை கழுவாமல் தொடக்கூடாது, டாக்டர் உட்பட. சோப்பு போட்டால் 40 முதல் 60 வினாடி, கைக்குத் தேய்க்கும் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, காயும் வரை. வயிற்றுப்போக்கு இருக்கும் வார்டில் சோப்பும் தண்ணீரும்தான் சரி.

ரத்தம் ஏற்றும்போது பையில் உள்ள பெயர், ஐ.பி. நம்பர், ரத்த வகையை இருவர் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சு முட்டல், உடம்பெல்லாம் தடிப்பு எது வந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லிக் கத்தலாம், தப்பில்லை. ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

திடீரென்று ஆள் மாறினால்

நேற்று வரை தெளிவாக இருந்த அப்புச்சி ராத்திரி சுவரில் ஆள் தெரிகிறது என்கிறார், குழாயைப் பிடுங்குகிறார். காத்துக் கருப்பு என்று திருநீறு போடுகிறவர்கள் போடட்டும், ஆனால் அதே நிமிடம் சிஸ்டரையும் கூப்பிடுங்கள். நோய்த்தொற்று, மூத்திரம் அடைத்திருப்பது, நாள்பட்ட மலச்சிக்கல், சுகர் இறங்கியது, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாலும் குழப்பம் கூடும். பகலில் ஜன்னல் வெளிச்சமும், ராத்திரி தொடர்ந்த தூக்கமும், தெரிந்த முகமும் பாதி மருந்து.

மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். 24ஐத் தாண்டினாலும், ஆக்சிஜன் அளவு 92க்குக் கீழே போனாலும் (நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு டாக்டர் வேறு எண் சொல்லியிருப்பார்), ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. "என்னமோ மாதிரி இருக்கறாங்க" என்று சொன்னால் யாரும் ஓடிவர மாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சிஸ்டர், 14ஆம் பெட் பாவாயம்மாளுங்க. நேத்து வயித்துல ஆப்பரேசன் ஆனவங்க. ஒரு மணி நேரமா மூச்சு 28 வாங்குது, கை ஜில்லுனு இருக்குது. டாக்டரை இப்பவே வந்து பார்க்கச் சொல்லுங்க." யார், என்ன ஆனவர், என்ன மாறியது, என்ன வேண்டும். பதில் வராவிட்டால் டியூட்டி டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, விடாமல் சொன்னால் போதும்.

மின்தடை

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்து முன்தினமே சிலிண்டர் ஏற்பாடு செய்ய வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 12 மணி நேரம், 5 லிட்டர் போனால் 5 மணி நேரம்; அதிலும் கால் பங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காற்று மெத்தையும் அன்று இறங்கிவிடும், திருப்புவதை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாக்குங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, சூடம், ஊதுபத்தி கூடாது.

முதியோர் இல்லம் பார்க்கப் போனால்

கோவையைச் சுற்றித் தோட்டமும் புல்வெளியுமாக இல்லங்கள் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். புல்வெளி யாரையும் திருப்பிப் படுக்க வைக்காது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். மாத்திரையை யார் பிரித்து வைக்கிறார், கொடுத்ததை எங்கே எழுதுகிறார், காட்டச் சொல்லுங்கள். நாளைய கட்டத்திலும் இன்றைக்கே கையெழுத்து போட்டிருந்தால் அங்கே சேர்க்காதீர்கள். யாராவது கடைசியாக விழுந்தது எப்போது, அதற்குப் பின் என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "இங்க யாருமே விழுந்ததில்லைங்க" என்பதைவிட "போன மாசம் ஒருத்தர் விழுந்தாங்க, பாத்ரூமில் கைப்பிடி வெச்சோம்" என்பது நம்பத் தகுந்த பதில். பெரியவர் எதையாவது சொல்லத் தயங்குகிறார் என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

சேர்த்தபின், சொல்லாமல் ஒரு நாள் பொழுதோட ஏழு மணிக்குப் போங்கள். பேசி முடித்ததும் போர்வையை விலக்கி இரண்டு குதிகாலையும் தூக்கிப் பாருங்கள், பிறகு திரும்பிப் படுக்கச் சொல்லி வால் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.